காதால் வாசிப்பவர்களின் தாள்

புத்தகம் என்பது நம்மில் பலருக்கு உள்ளடக்கம் மட்டுமன்று. தாளின் நிறம், எழுத்தின் அளவு, பிரித்தவுடன் கழன்றுவிடாத கட்டு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள் நாம். ஜனவரி மாதப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்விட்டு, சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் திரும்பும் நாங்கள் வழியெல்லாம் சண்டையிட்டுக்கொள்வது பெரும்பாலும் இவற்றைக் குறித்துத்தான். நல்ல நாவலொன்று பொடி எழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்டிருந்தால், அது வாசகனுக்குச் செய்யப்பட்ட அவமரியாதை என்றே கொள்கிறோம்.

கண்ணால் வாசிக்காத ஒருவருக்கு இந்தத் தாளும் எழுத்தும் கட்டும் எவை என்று நாங்கள் நெடுநாள் யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டும். டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் எங்கள் பக்கத்து ஊரான பூந்தமல்லியில்தான் இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் அங்கேதான். வெள்ளைக் கோலுடன் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞர்கள் இப்பகுதியினருக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களில் பலர் இன்று பிரெயிலைக் காட்டிலும் அதிகமாகக் காதால் வாசிப்பவர்கள். கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள், ஒலிநூல், நண்பர்கள் வாசித்துப் பதிந்து தரும் கோப்பு என எதுவாயினும், அது அவர்களை வந்தடைவது ஹெட்ஃபோன் வழியாகத்தான். அந்த ஹெட்ஃபோனில் காதைத் தொடுகிற பகுதி ஒன்றே ஒன்று: கடைக்காரர்கள் 'குஷன்' என்றும் நாம் வெறுமனே 'பஞ்சு' என்றும் சொல்கிற அந்த மெத்தை வளையம். காதால் வாசிப்பவரின் தாள் அதுவே என்பது எங்கள் துணிபு.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது ஒரு பிழையின் மூலம். சில ஆண்டுகளுக்கு முன், பூந்தமல்லிப் பக்கம் வாடகை அறையில் தங்கிப் போட்டித் தேர்வுகளுக்குப் படித்துவந்த பார்வையற்ற நண்பர்கள் நால்வருக்கு ஹெட்ஃபோன் வாங்கித் தருவதென்று முடிவு செய்தோம். ரிச்சி தெருவில் அரைநாள் அலைந்தோம். ஒவ்வொன்றிலும் இசை கேட்டுப் பார்த்தோம். காதை முழுவதும் மூடும், கனத்த ரெக்ஸின் மெத்தை வைத்த ஒன்றில் மிருதங்கம் அதிர்ந்த அதிர்வில் மயங்கி, அதையே நான்கு வாங்கினோம். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மனநிறைவுடன் திரும்பினோம். இரண்டு மாதம் கழித்துப் போனபோது நான்கும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. நண்பர்கள் பழைய, மலிவான ஸ்பாஞ்ச் வைத்த ஹெட்ஃபோன்களையே அணிந்திருந்தார்கள். வற்புறுத்திக் கேட்டபின் ஒருவர் தயக்கத்துடன் சொன்னார்: "நல்லாதான் இருக்குண்ணா. ஆனா அதைப் போட்டா கதவைத் தட்டுறது கேக்காது. அரை மணி நேரத்துல காது வெந்துடுது."

அவர் சொன்ன இரண்டும் இயற்பியல். ரெக்ஸின் காற்றை விடாது. காதைச் சுற்றி அது இறுக்கமான அடைப்பை உண்டாக்குவதால் தாழ்ந்த சுருதி ஒலிகள் வெளியே கசியாமல் தங்குகின்றன. நாங்கள் மயங்கிய மிருதங்க அதிர்வு அதனால் வந்ததே. அதே அடைப்புதான் வியர்வையையும் வெப்பத்தையும் உள்ளே பிடித்துவைக்கிறது. சென்னையின் மே மாதத்தில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், நாளுக்கு ஆறு மணி நேரம் அதை அணிந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். வெல்வெட் போன்ற துணியோ திறந்த ஸ்பாஞ்சோ காற்றை விடும். காது வியர்ப்பது குறையும். தாழ்ந்த ஒலிகள் கசிந்து மெலியும், வெளி ஓசையும் உள்ளே வரும். 1968இல் ஜெர்மானிய நிறுவனமான சென்ஹைசர், பின்புறம் திறந்த எச்.டி. 414 ஹெட்ஃபோனுக்கு ஸ்பாஞ்ச் மெத்தை வைத்ததும், 1979இல் சோனி வாக்மேனுடன் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த ஹெட்ஃபோனைத் தந்ததும் நினைவிருக்கலாம். எங்கள் நண்பர்கள் அணிந்திருந்தவை இவற்றின் ஏழை உறவினர்கள்.

தாழ்ந்த ஒலி மெலிவது இசை ரசிகனுக்கு இழப்பு. பேச்சைக் கேட்பவருக்கு அது பெரிய இழப்பன்று. பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்திற்று. அதில்தான் நாம் காதல் முதல் கடன் வரை எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம். சொல்லின் தெளிவு பெரிதும் நடு, மேல் அலைவரிசைகளில் இருக்கிறது. லகர, ளகர, ழகரங்களைக் காது பிரித்தறிவதும் அங்கேதான். தாழ்ந்த ஒலி மிகுந்து முழங்கினால் அது மேலுள்ளவற்றை மறைக்கவும் செய்யும். திரைவாசிப்பு மென்பொருளைப் பழகியவர்கள் அதை நம்மால் பின்தொடர முடியாத விரைவில் ஓடவிட்டுக் கேட்பவர்கள். அந்த வேகத்தில் மெய்யெழுத்துகளின் கூர்மைதான் பொருள். நாங்கள் மிருதங்கத்தைக் கொண்டு சோதித்தது, எழுத்தைப் பார்க்காமல் அட்டைப்படத்தை மட்டும் பார்த்துப் புத்தகம் வாங்கியதற்கு ஒப்பாகும்.

ஆயினும் ஸ்பாஞ்சே சிறந்தது என்று முடித்துவிட முடியாது. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்பாஞ்ச் வெளி ஓசையைத் தடுப்பதில்லை. அறைக்கு வெளியே நெடுஞ்சாலை இரைந்தால், அல்லது அம்பத்தூர் தொழிற்பேட்டை வழியாகப் பேருந்தில் போகையில் கேட்டால், கை தானாகவே ஒலியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் தந்துள்ள அளவுகோலின்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 86 டெசிபலில் 10 மணி நேரமே மிஞ்சும். நாளுக்கு ஆறு மணி நேரம், வாரம் முழுதும் கேட்கும் மாணவர் 80 டெசிபலிலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறார். சத்தமான இடத்தில் அடைப்புள்ள மெத்தை ஒலியைக் குறைத்துக் கேட்க உதவும். அந்த வகையில் அது செவியைக் காக்கிறது. பார்வை உள்ளவனுக்குச் செவி மங்கினால் ஒரு புலன் மங்கியது. இவர்களுக்கோ புத்தகமும் தெருவும் ஒருசேர மங்கிவிடும். ஆகவே, ஒருவருக்கு இரண்டு தேவைகள் உண்டு: தனியறை வாசிப்புக்குக் காற்றோட்டமுள்ள மெத்தை, இரைச்சலில் அடைப்புள்ள மெத்தை. சாலையில் நடக்கும்போது எந்த மெத்தையும் வேண்டாம்.

இன்னொன்றையும் அந்த அறையில்தான் கவனித்தோம். நால்வரில் இருவர் கறுப்புக் கண்ணாடி அணிபவர்கள். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் மண்டைக்கும் நடுவே புகுந்து அடைப்பை உடைக்கிறது, பொட்டில் அழுத்தி வலிக்கவும் செய்கிறது. மென்மையான துணி மெத்தை காம்பைச் சுற்றி வளைந்துகொடுக்கும். கடையில் கண்ணாடி இல்லாமல் சோதித்த எங்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? அவர்களை உடன் அழைத்துப் போயிருந்தால் தெரிந்திருக்கும். இவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் கொடுத்த ரெக்ஸின் மெத்தைகள் மறு ஆண்டில் உதிரத் தொடங்கின. செயற்கைத் தோலின் மேல்படலமான பாலியூரித்தேன் நம் ஊர் ஈரக்காற்றில் மெல்லச் சிதையக்கூடியது. பெட்டிக்குள் பயன்படுத்தாமல் வைத்தாலும் சிதையும். கறுப்புச் செதில்கள் காதிலும் கழுத்திலும் ஒட்டுகின்றன என்று பார்வையுள்ள யாரோ சொல்லித்தான் நண்பர்களுக்குத் தெரிந்தது. மெத்தையை மாற்றலாம் என்று மீண்டும் ரிச்சி தெருவுக்குப் போனால், அந்த மாதிரிக்குத் தனியே மெத்தை கிடைக்கவில்லை. ஒலிக்கருவி முழு ஆரோக்கியத்துடன் இருக்க, ஒரு வளையத்துக்காக நான்கும் குப்பையாயின.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவத்துக்கு நூல்களை மாற்ற வழிவிட்டது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. புத்தகத்தின் கதவு திறந்தாகிவிட்டது. அதற்கும் காதுக்கும் நடுவே உள்ள கடைசி அங்குலத்தைப் பற்றி எந்தச் சட்டமும் பேசாது. அது நம்மைப் போன்றவர்கள் பேச வேண்டியது. தாளைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் பேச உரிமையுள்ளவர்களாக நம்மை நாம் கருதிக்கொள்வதால் சொல்கிறோம்.

நாங்கள் கேட்பவை சிலவே. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஹெட்ஃபோன் வழங்குவோர், வாங்கப்போகும் இடத்துக்குப் பயன்படுத்துபவரையே அழைத்துச் செல்லட்டும். அவர் எதைக் கேட்டுப் பழகியவரோ, அதே மென்பொருளின் குரலை அதே வேகத்தில் வைத்துச் சோதிக்கட்டும். மெத்தை கழற்றி மாற்றக்கூடிய மாதிரியாகவே வாங்கி, துணி மெத்தை ஒன்றும் அடைப்பு மெத்தை ஒன்றும் சேர்த்தே கொடுக்கட்டும். மெத்தையின் கனமும் துளையின் அளவும் மாறினால் காதுக்கும் ஒலிக்கருவிக்கும் உள்ள தூரம் மாறி ஒலியும் மாறும் என்பதால், பொருந்தும் மெத்தையா என்று அணிந்து பார்ப்பது முக்கியம். விலை குறைவான ஹெட்ஃபோனும் நல்ல மெத்தையும் என்பது, விலையுயர்ந்த ஹெட்ஃபோனும் உதிரும் மெத்தையும் என்பதைவிடப் பல மடங்கு மேல்.

அந்த நால்வரில் ஒருவர் இப்போது வேலையில் இருக்கிறார். அண்மையில் ஆவடியில் பார்த்தபோது கழுத்தில் ஒரு ஹெட்ஃபோன் தொங்கியது. அதன் ரெக்ஸின் மெத்தைக்குப் பழைய வேட்டித் துணியில் நாடா கோர்த்து உறை தைத்துப் போட்டிருந்தார். அம்மா தைத்துத் தந்ததாம். இரண்டு ஜோடி, துவைத்து மாற்றிக்கொள்ள. ரிச்சி தெருவில் அரைநாள் அலைந்தும் எங்களுக்குப் புலப்படாதது, மகனின் காதோரம் சிவந்திருப்பதைப் பார்த்த அந்த அம்மாவுக்குப் புலப்பட்டிருக்கிறது.