வளரும் ரயில்பாதைக்கும் மதிப்பெண் கொடுங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அண்மையில் சென்றிருக்கிறீர்களா? மேசைக்கு மேசை மாதிரிகள் இருக்கும். எரிமலை, காற்றாலை, நீர் வடிகட்டி என எல்லாமே பளபளப்பாக, பெயர்ப்பலகையுடன் நிற்கும். “இதை ஏன் இந்த அளவில் செய்தாய்? முதலில் எது சரிவரவில்லை?” என்று மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பதில் வராது. குறை அவர்களிடம் இல்லை. முடிந்த பொருளைத்தான் நாம் கேட்டோம். அவர்களும் அதைத்தான் கொண்டு வந்தார்கள்.

மாதிரி ரயில்பாதை அமைப்பவர்களின் உலகம் இதற்கு நேர்மாறானது. அங்கே யாரும் யாரையும் “முடித்துவிட்டாயா?” என்று கேட்பதில்லை. “வேலை எதுவரை வந்திருக்கிறது?” என்றுதான் கேட்கிறார்கள். தண்டவாளம் பதித்து மலை எழும்பாத பலகையையும், மலை எழும்பி மரம் நடாத பலகையையும் பெருமையோடு படமெடுத்துக் காட்டுகிறார்கள். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட ‘மினியேச்சர் வுண்டர்லேண்ட்’ உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில்பாதை. அது இன்னும் முடியவில்லை. அதன் குட்டி விமான நிலையத்துக்கு மட்டும் ஏறத்தாழ ஆறாண்டு உழைத்து 2011-இல் திறந்தார்கள். அதன் பிறகும் புதிய பகுதிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

என் கருத்து இதுதான்: அறிவியலில் மாதிரி என்பது உண்மைப் பொருளின் முழு நகல் அல்ல. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று எடுத்த முடிவுகளின் தொகுப்பு அது. அந்த முடிவுகள் வேலை நடக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே நம் பள்ளிகள் வளர்ந்துகொண்டிருக்கும் மாதிரிக்கும் இடம் கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும்.

முதல் முடிவே கணக்கில் தொடங்குகிறது. பரவலாகப் புழங்கும் ‘எச்.ஓ.’ அளவில் எல்லாமே 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435.5 மி.மீ. வரும். உலகில் பெரும்பாலான நாடுகள் பயன்படுத்தும் 1,435 மி.மீ. பாதை அது. ஆனால் நம் கேடிஎம் ரயில் ஓடுவது 1,000 மி.மீ. பாதையில். அந்த ரயிலை இதே அளவில் செய்து 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஏற்றினால், பாதை இருக்க வேண்டியதைவிட 43 செ.மீ. அகலமாக இருப்பதற்குச் சமம்!

என்ன செய்யலாம்? சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதை ரயில்களுக்காக விற்கப்படும் 12 மி.மீ. தண்டவாளத்தை வாங்கலாம். பொருத்தம் நன்றாக இருக்கும், செலவு கூடும். அல்லது தவறு என்று தெரிந்தே எளிதில் கிடைக்கும் பாதையைப் பயன்படுத்தலாம். ஜப்பானியர்கள் இரண்டாவது வழியை எடுத்தார்கள். அவர்களுடைய பழைய ரயில்பாதை 1,067 மி.மீ. அகலம். அந்த ரயில்களை 1:150 அளவில் செய்து 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். 9-ஐ 150-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,350 வரும். வேறுபாடு தெரிந்தும், கைக்குக் கிடைக்கும் தண்டவாளமே போதும் என்று அதை ஏற்றுக்கொண்டார்கள். எது சரி என்பதைவிட, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்பதே இங்கு நல்ல கேள்வி.

அடுத்து எடை. நீளம் 87-இல் ஒரு பங்கானால் எடையும் அப்படியே குறையும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். கன அளவு 87-ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது 6,58,503-இல் ஒரு பங்காகக் குறைகிறது. 90 டன் எஞ்சின் இந்தக் கணக்கில் 137 கிராம்தான் இருக்கும். அவ்வளவு லேசான எஞ்சின் ஏற்றத்தில் வழுக்கும். சக்கரம் சுழலும், ரயில் நகராது. அதனால்தான் மாதிரி எஞ்சின்களுக்குள் உலோகக் கட்டி வைத்துக் கனம் கூட்டுகிறார்கள். யானையின் கால் ஏன் தூண்போல் இருக்கிறது, எறும்பின் கால் ஏன் மயிரிழையாக இருந்தும் முறிவதில்லை என்பதற்கும் இதே விதிதான் அடிப்படை.

மின்சாரத்துக்கு வாருங்கள். 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. ஓரிடத்தில் மட்டும் கம்பி இணைத்தால், தொலைவில் உள்ள வளைவில் ரயில் தளர்ந்து ஊர்ந்து போகும். தண்டவாளத்துக்கும் அதன் ஒவ்வொரு இணைப்புக்கும் மின்தடை உண்டு. பலகைக்கு அடியில் தடித்த கம்பி ஓட்டி, ஒன்றிரண்டு மீட்டருக்கு ஒருமுறை இணைப்புக் கொடுத்தால் சரியாகிவிடும். ஓமின் விதியை வாய்ப்பாடாக மனனம் செய்த பிள்ளை, அதன் விளைவைக் கண்ணால் பார்ப்பது இங்கேதான்.

நிலக்காட்சி வேலை வெறும் கைவினை என்று நினைத்துவிடாதீர்கள். தண்டவாளத்துக்கு நடுவே சரளை தூவி, நீர் கலந்த வெள்ளைப் பசையை விட்டால், பசை முத்து முத்தாக உருண்டு மேலேயே நிற்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்தால் உள்ளே இறங்கிவிடும். பரப்பு இழுவிசையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அரிது. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளைப்போல் மலை செய்யப் பிளாஸ்டர் ஆஃப் பாரிசைக் குழைத்தால், அது இறுகும்போது கையில் சூடு தெரியும். வெப்பம் வெளியிடும் வேதிவினை அது. புல் நட்டுக்குத்தாக நிற்க நைலான் இழைகளுக்கு நிலைமின் ஏற்றித் தூவுகிறார்கள்.

வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துப் பயன்படுத்துபவர்கள், தூவும் முன் அதன்மேல் காந்தத்தை ஓட்டுகிறார்கள். மண்ணிலுள்ள இரும்புத் துகள் எஞ்சினின் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் மோட்டார் கெட்டுவிடும். தம் ஊர் மண்ணில் காந்தத்துக்கு வசப்படும் துகள்கள் இருப்பதை ஒரு மாணவர் இப்படித் தெரிந்துகொண்டால், அது மறக்குமா?

இனி எதை விடுவது என்ற கேள்வி. நம் நாட்டின் முதல் ரயில்பாதை 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர். எச்.ஓ. அளவில் அதை அப்படியே செய்தால்கூட ஏறக்குறைய 150 மீட்டர் நீளம் வேண்டும். எந்த வீட்டிலும் எந்தப் பள்ளியிலும் அது நடக்காது. ஆகவே நிலையங்களை வைத்துக்கொண்டு நடுவே உள்ள வெறும் தூரத்தைச் சுருக்க வேண்டும். அந்தப் பாதை இன்று இல்லை. போர்ட் வெல்ட், கோலா செபத்தாங் ஆகிவிட்டது. ஆனால் நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஒரு மாணவர் ஐம்பது மரங்களை விட்டுவிட்டு அந்தப் பலகையை வைத்துக்கொண்டால், அவர் மாதிரி செய்யக் கற்றுக்கொண்டார் என்பேன். இந்நாட்டில் பாதை போட்ட, நிலையங்களில் வேலை பார்த்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். தாத்தாவிடம் கேட்டு அளவெடுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

“விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு பேச்சா?” என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-இல் மாதிரி ரயில் கழகம் தொடங்கினார்கள். மேசைக்கு மேலே ஊரும் ரயிலும். அடியில் தொலைபேசி இணைப்பகங்களில் பயன்படும் ரிலேக்களால் ஆன கட்டுப்பாட்டு அமைப்பு. அதை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்த இளைஞர்கள் சிலர்தாம் 1950-களின் இறுதியில் கணினிப் பக்கம் திரும்பினார்கள். தொடக்ககாலக் கணினி விளையாட்டுகளில் புகழ்பெற்ற ‘ஸ்பேஸ்வார்’, 1962-இல் அந்த வட்டத்திலிருந்துதான் வந்தது.

செலவாகுமே என்பது நியாயமான தயக்கம். எஞ்சினுக்கும் ஒரு வட்டம் தண்டவாளத்துக்கும் பணம் வேண்டும்தான். மற்றவை தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் நுரைப்பலகை, பழைய நாளிதழ், மரத்தூள், காய்ந்த செடி. கைப்பேசிச் செயலியில் இதையே செய்யலாமே என்றால், செயலியில் பசை காய வேண்டியதில்லை. மழைக்கால ஈரத்தில் பலகை வளைவதுமில்லை. இயற்கை எதிர்த்து நிற்கும் இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது.

என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு பள்ளியின் அறிவியல் கழகமும் நான்கடிக்கு இரண்டரை அடிப் பலகை ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். 1:160 அளவில் ஒரு வட்டப்பாதைக்கு அது போதும். ஆண்டு முடிந்ததும் அதைக் குப்பையில் போடாமல் அடுத்த படிவ மாணவர்களிடம் ஒப்படைக்கட்டும். கூடவே ஒரு குறிப்பேடு இருக்கட்டும்: என்ன செய்து பார்த்தோம், என்ன அளந்தோம், எதை ஏன் மாற்றினோம். மதிப்பெண் அந்தக் குறிப்பேட்டுக்கு. கண்காட்சி வந்தால் பலகை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே, கம்பிகள் தொங்கத் தொங்கக் கொண்டுவரட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. எஸ்பிஎம் தேர்வு நெருங்குகிறது என்று அந்தப் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். “எப்போது முடிப்பாய்?” என்று கேட்க வேண்டாம். “அந்த இடத்தில் ஏன் வளைவு வைத்தாய்?” என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லத் தொடங்கினால், உட்கார்ந்து கேளுங்கள்.