முடிவு யார் கைப்பேசிக்கு வருகிறது?

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், செமோர், பத்து காஜா பக்கமெல்லாம் தோட்டத்தை விட்டு வெளியேறி, மலிவுவிலை வீடுகளில் குடியேறிய அம்மாக்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சோதனை செய்திருக்கிறீர்களா என்று அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். "கடைசிப் பிள்ளை பெத்தப்ப மிஸ்ஸி (தாதி) என்னமோ எடுத்தாங்க. அதுக்கப்புறம் யாரு கேட்டா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டிலிருந்தே மலேசியாவில், கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை உண்டு. ஆனால் அது தாய்சேய் கிளினிக்குக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் வருகிற பெண்ணைத்தான் பெரும்பாலும் பிடித்தது. பிள்ளைப்பேறு முடிந்தவளுக்குக் கிளினிக் வாசலை மிதிக்கக் காரணமே இல்லாமல் போனது. இந்த நோயோ, அதற்குக் காரணமான எச்பிவி கிருமி உள்ளே தங்கிய பிறகு பத்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வளர்கிறது. அவள் ஆபத்தான வயதை நெருங்கும்போது அவளை அழைக்க யாரும் இல்லை.

பால்மரம் வெட்டியவர்களின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, பிறகு மரம், பால் எடுத்து நிறுவை. அரை நாள் விட்டால் அரை நாள் கூலி போச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து கொடுக்க ஒரு டிரசர் இருந்தார். அவரிடம் போய் வெள்ளைப்படுகிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார்கள், வெந்தயம் ஊறவைத்தார்கள். மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து இரத்தம் பட்டபோதும் சூடு என்றே சொல்லிக்கொண்டார்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சூடு என்கிற பேச்சு மட்டும் கூடவே வந்தது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், அறுபதைத் தொடப்போகிறவர், காரணத்தை மறைக்காமல் சொன்னார்: "காலை விரிச்சுப் படுக்கணுமாம்ல. என்னால முடியாதும்மா." இதை அறியாமை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் உடம்பைத் தானே காத்து வந்தவரின் பேச்சு அது. அதை மதிக்கிற வழியைத்தான் மருத்துவம் தேடியிருக்க வேண்டும்.

அந்த வழி இப்போது இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெண்நோய் மருத்துவர் பேராசிரியர் வூ யின் லிங்கும் அவருடைய குழுவினரும் 2018இல் ஆஸ்திரேலியாவின் விசிஎஸ் அறக்கட்டளையுடன் சேர்ந்து தொடங்கியது 'ரோஸ்' திட்டம். அதில் பெண் தன் மாதிரியைத் தானே எடுக்கிறார். சுகாதார அமைச்சும் 2019 முதல் படிப்படியாக, 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு எச்பிவி சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது.

ஒரு குழாய், அதனுள் நீளமான மெல்லிய பஞ்சுக்குச்சி. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பஞ்சு முனையை ஐந்து சென்டிமீட்டர் போல உள்ளே விட்டு, சில முறை சுழற்றி, வெளியே எடுத்துக் குழாயில் போட்டு மூடவேண்டும். கர்ப்பப்பை வாயைத் தேடித் தொடவேண்டியதில்லை, கிருமியின் மரபணு யோனிச் சுவரிலிருந்து எடுத்த மாதிரியிலேயே தெரிந்துவிடும். பிசிஆர் முறையில் சோதித்தால், பெண் தானே எடுத்த மாதிரிக்கும் மருத்துவர் எடுத்ததற்கும் கண்டுபிடிக்கும் திறனில் வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகள் காட்டியாயிற்று. கிருமி இல்லையென்றால் ஐந்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை. மாதவிலக்கு நாள்களில் மட்டும் எடுக்க வேண்டாம்.

மேலே சொன்ன அக்கா எடுத்தார். வெளியே வந்தவர் முகத்தில் ஆச்சரியம். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?" என்றார்.

ஆனால் குச்சியை இவ்வளவு எளிதாக்கியவர்கள் அடுத்த படியையும் அதே அக்கறையோடு பார்க்கவேண்டும். முடிவு கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. யாருடைய கைப்பேசிக்கு? பதிவு செய்யும்போது எண் கேட்டால், நம் அம்மாக்களில் எத்தனையோ பேர் மகனுடைய எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். சிலர் மருமகளுடையதை. முன்பணம் போட்டு ஓடும் எண் மாறிக்கொண்டே இருக்கும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும் செய்தி வெறும் எழுத்துக்கோவை. மகன் அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வான்?

இன்னொரு பயமும் உண்டு. எச்பிவி உடலுறவால் பரவுவது. 'பாசிட்டிவ்' என்றதும் வீட்டில் சந்தேகம் கிளம்பலாம். அதனால் இதை உரக்கவே சொல்லவேண்டும்: உலகத்தில் உடலுறவு கொண்ட மனிதர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இக்கிருமி வந்துபோகிறது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். இருபது வருடத்துக்கு முன் வந்தது இன்று தெரியலாம். யாருடைய ஒழுக்கத்துக்கும் இது சான்றிதழ் அல்ல. பாசிட்டிவ் என்பது புற்றுநோயும் அல்ல. இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும் என்ற அறிவிப்பு, அவ்வளவே. 16, 18 வகை என்றால் நேராகக் கோல்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது; மற்ற வகை என்றால் முதலில் பாப் ஸ்மியர்.

அந்த இரண்டாம் படியில்தான் உயிர் பிழைப்பது இருக்கிறது. அதற்குச் சான்று தமிழ்நாட்டில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கை என்ற ஊரில், டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற தாதியர் வினிகர் கரைசலைத் தடவிக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்த்தார்கள். மாற்றம் தெரிந்த பெண்களில் பலருக்கு அதே இடத்தில் அந்தத் தாதியரே குளிர்முறைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 'பிறகு வாருங்கள்' என்று அனுப்பவில்லை. 2007இல் முடிவு வெளியானபோது, சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. இதே மருத்துவர் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் சுமார் 1,30,000 பெண்களிடையே நடத்திய ஆய்வில், ஒரே ஒருமுறை எச்பிவி சோதனை செய்த பிரிவில் இறப்பு ஏறக்குறையப் பாதியானது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறிய மண்ணின் கிராமத்துப் பெண்கள் கொடுத்த சான்று இது. இங்கே நமக்கு மலைப்பதற்கு என்ன இருக்கிறது?

பள்ளியில் 13 வயதுச் சிறுமிகளுக்கு 2010 முதல் தடுப்பூசி போடப்படுகிறது. இளைய மகள்களுக்கும் பேத்திகளுக்கும் அதில் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை, அவர்களுக்குச் சோதனை ஒன்றுதான் வழி. புற்றுநோய்ப் பதிவேடுகளில் மலாய்ப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடையே இந்நோய் அதிகமாகவே காணப்பட்டு வந்திருக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் 70 விழுக்காட்டுப் பெண்களைச் சோதித்துவிட வேண்டும் என்று 2030க்கு உலகச் சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. நம் அம்மாக்களை விட்டுவிட்டு அந்த எண்ணை எட்டினால் யாருக்கு என்ன பயன்?

ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு மாரியம்மன் கோயிலில் கூடும் பெண்களிடம், கோயில் மகளிர் அணி இந்தக் குச்சியைக் கொண்டுபோகலாம். ஈப்போவின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தமிழ் பேசும் ஓய்வுபெற்ற மிஸ்ஸிகள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். அவர்கள் குச்சியைக் கொடுத்து அனுப்பிவிடாமல், பதிவுத் தாளில் இரண்டு எண்கள் வாங்கவேண்டும்: ஒன்று அந்த அம்மாவினுடையது, மற்றது அவரே நம்பிக் காட்டுகிற ஒரு பெண்ணினுடையது, அது அக்காளோ சிநேகிதியோ பக்கத்து வீட்டுக்காரரோ. முடிவைத் தமிழில் வாயால் சொல்லவேண்டும். பாசிட்டிவ் என்றால் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்கோ தெலுக் இந்தானுக்கோ போகிற நாளில் வண்டிக்கு ஏற்பாடு செய்து, கூடவே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் அன்னதானத்துக்கு ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கு போதும், அந்த வண்டி ஓடும்.