நடுரோட்டில் இறங்கிய விமானம்... இன்ஜின் நின்றபின் கிடைக்கும் அந்த 4 நிமிடங்கள்!

2025 நவம்பர் 13. சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 பயிற்சி விமானம், புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே திருச்சி நெடுஞ்சாலையில் இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினார்கள். பார்த்தவர்களுக்கு அது செம கன்டென்ட். ஆனால், மேலே என்ன நடந்திருக்கும்னு யோசிச்சீங்களா?

இன்ஜின் பவர் போனால் விமானம் கல் மாதிரி விழும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. மூக்கைத் தாழ்த்தி, மணிக்கு சுமார் 120 கி.மீ வேகத்தை விடாமல் பிடித்தால் செஸ்னா 172 வழுக்கிக்கொண்டே இறங்கும். 3,000 அடியில் இருந்தால் ஏறக்குறைய 8 கி.மீ தூரம், 4 நிமிடம். அதற்குள் இடம் தேடணும், இன்ஜினை உயிர்ப்பிக்கப் பார்க்கணும், ரேடியோவில் சொல்லணும்.

டேக் ஆஃப் ஆன உடனே பவர் போனால் இந்த 4 நிமிடமும் கிடையாது. 'ரன்வேக்கே திரும்பிடலாம்' என்றுதான் மனசு சொல்லும். அந்த உயரத்தில் சட்டென்று திருப்பினால் வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். அதனால்தான் 'நேரா முன்னாடி இறக்கு' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இன்ஜின் ஏன் நிற்கிறது? எரிபொருள் தீர்வது, அதில் தண்ணீர் கலப்பது, பராமரிப்புக் குறை என்று காரணங்கள் பல. இதில் வில்லங்கமானது கார்புரேட்டர் ஐஸ். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்து, காற்றின் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிடும். வெளியே 25 டிகிரி இருந்தாலும் நடக்கும். நம்ம ஊர் மழைக்கால ஈரப்பதம் போதும்! புதிய செஸ்னா 172-களில் கார்புரேட்டரே இல்லை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ரோடு மட்டும் என்ன பாதுகாப்பா? மேலிருந்து பார்த்தால் ரன்வே மாதிரிதான் தெரியும். மின்கம்பிகள் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும். கீழே பைக்கில் போகிறவருக்கோ எதுவுமே தெரியாது. அன்று யாரும் குறுக்கே வராதது அதிர்ஷ்டம்தான்.

அந்தச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்புதான் விமானப் பயிற்சி நிறுவனங்களுக்கான முதல் தரவரிசையை டி.ஜி.சி.ஏ வெளியிட்டிருந்தது. ஏ பிளஸ், ஏ இரண்டிலும் ஒரு நிறுவனம்கூட இல்லை. பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்கணும், பல லட்சம் கட்டணும். அட்மிஷனுக்குப் போகிறவர்கள் 'வேலை கிடைக்குமா' என்பதோடு, 'உங்க விமானத்தைப் பராமரிக்க எத்தனை இன்ஜினீயர்கள் இருக்காங்க' என்றும் கேட்டுவிடுங்கள்.