மலையில் மனை வாங்குவது பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பட்டினப்பாக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு மலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் பழனி மலைச் சரிவில் விற்பனைக்கு வரும் மனைகளை மலைக்காரர்கள் அதிகம் வாங்குவதில்லை. சென்னையில் வேர்த்துக் கொட்டும் எங்களைப் போன்றவர்களை நம்பித்தான் அவை விற்கப்படுகின்றன. எங்கள் உறுப்பினர்கள் சிலர், அப்படி ஒரு நிலத்தைக் கூட்டாக வாங்கச் சங்கம் முன்னின்று உதவ வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்கள். இணைத்திருந்த விளம்பரத் தாளில் ‘ஏக்கருக்கு ஒரே வீடு, சுற்றிலும் இயற்கை’ என்றிருந்தது. இதற்குச் சங்கம் உதவாது. ஏன் என்பதையும், எப்படிப்பட்ட திட்டம் என்றால் உதவுவோம் என்பதையும் இங்கே சொல்கிறோம்.

ஏக்கருக்கு ஒரு வீடு என்பது கேட்க அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது ஏக்கரில் இருபது வீடுகள் சிதறிக் கிடந்தால் இருபது வாசலுக்கும் கார் போக வேண்டும். காருக்குப் பாதை வேண்டும். பாதைக்காக ஜேசிபி சரிவை வெட்டும், வெட்டிய மண்ணைக் கீழே தள்ளும். புல்லிலும் வேரிலும் இறங்க வேண்டிய மழைநீர் பாதையோரம் திரண்டு ஓடி, வெட்டிய விளிம்பையே அரிக்கும். பிறகு வீட்டுக்கு ஒரு ஆழ்குழாய், ஒரு செப்டிக் டேங்க், ஒரு வேலி. காட்டெருமை எந்தப் பக்கம் போகும்? வீடு உட்காரும் இடம் நாலைந்து சென்ட்தான். கெடுவது ஏக்கர் முழுவதும். நீலகிரியில் 1993 நவம்பரில் மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் பல இடங்களிலும் மண் சரிந்தபோது பெருமழையைச் சொன்னார்கள். மழை எப்போதும் பெய்வதுதான். வெட்டப்பட்ட சரிவிலும் அடைபட்ட நீர்வழியிலும் அது பெய்தால்தான் ஆபத்து கூடுகிறது. மலையடிவாரத்து வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்கு வருவதும் பழனி மலைத் தண்ணீர்தான் என்பதை மனை பார்க்கப் போகிறவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே இருபது வீடுகளை, ஏற்கெனவே வெட்டிச் சமன்செய்த பழைய எஸ்டேட் கட்டடம் இருந்த மூலையில், ஓடைக்கும் சோலைக்கும் தள்ளி, மூன்று ஏக்கருக்குள் அடக்கலாம். ஒரே பாதை, ஒரே கிணறு, ஒரே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. மீதிப் பதினேழு ஏக்கரை யாரும் தொட வேண்டாம். 1960களில் கலிஃபோர்னியக் கடற்கரையில் உருவான சீ ரான்ச் குடியிருப்பு ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியது. நிலத்தில் பாதியளவு பொதுவெளியாக விடப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் பக்கத்துச் சீனிவாசபுரத்திலிருந்து அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டிப் பார்த்தால் தெரிகிற மரக்கூட்டம், 1882-இல் பிரம்மஞான சபை வாங்கத் தொடங்கிய நிலம். அங்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அலுவலகமும் நூலகமும் இருக்கின்றன. ஒரே கை பிடித்துவைத்திருப்பதால் நிலம் துண்டாகவில்லை.

மலையில் அந்த ஒரே கை யாருடையது என்பதுதான் எங்கள் கேள்வி. பொதுவெளி என்று விளம்பரத் தாளில் பச்சை அடித்தால் போதாது, அந்த இடம் பத்திரத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சில வருடத்தில் அதுவே ‘இரண்டாம் கட்டம்’ ஆகிவிடும். அடுக்ககங்களில் இருக்கும் எங்களுக்கு யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப்பங்கு) என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பதினேழு ஏக்கரும் பிரிக்கப்படாத பங்காக ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் ஏற வேண்டும், கட்டடம் கூடாது என்ற நிபந்தனையோடு. வில்லங்கச் சான்றிலும் அது தெரிய வேண்டும். இதுவும் போதாது. எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நிபந்தனை போய்விடும். அப்படிப் போகாதபடி, சோலை நிலத்தை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் பத்திர முறை ஒன்றை அரசு சட்டமாகக் கொண்டுவர வேண்டும்.

ஏட்டில் காவல் இல்லாமல் இல்லை. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்குத் தரப்பட்ட கட்டட விதிவிலக்கை எதிர்த்துப் பழனிமலைப் பாதுகாப்புக் கழகம் நடத்திய வழக்கு, 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. விதியை விட விதிவிலக்குக்குத்தான் மலையில் கிராக்கி. ஆகவே மலைப்பகுதியில் அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தக் காலக்கெடுவை நீட்டிக்கொண்டே போவதை எதிர்க்கிறோம். ‘பண்ணை நிலம்’ என்ற பெயரில் பத்துப் பத்து சென்டாக விற்பதையும் எதிர்க்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் விடுமுறைக்குப் போய்த் தங்கும் இரண்டாவது வீட்டுக்கு மட்டும். லயன் வீட்டில் நெருக்கியடித்துக் கிடக்கும் எஸ்டேட் தொழிலாளியும் தலைமுறையாக மலையில் வாழும் பழங்குடியினரும் கட்டும் சிறு வீட்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நிர்வாகக் குழுவில் இருவர் சங்கத்தின் இந்த நிலைப்பாட்டை ஏற்கவில்லை. நெருக்கமாகக் கட்டினாலும் சென்னைக்காரருக்கு மலையில் வீடே வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. அதையும் பதிவு செய்திருக்கிறோம். மனு கொடுத்தவர்கள் மேலே சொன்ன நிபந்தனைகள் கொண்ட வரைவுப் பத்திரத்தோடு வந்தால் குழு மறுபடி பார்க்கும். அதுவரை மலை மனை விளம்பரம் எதுவும் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாது.