ஐந்து முனைகளும் ஐயாயிரம் வருஷமும்

விக்கா சின்னங்களுக்கு அர்த்தம் சொல்லும் பட்டியல்களை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் என்றால் நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆவி. பிறை, முழுநிலா, பிறை என்றால் கன்னி, தாய், கிழவி. நட்சத்திரம் தலைகீழாக இருந்தால் சாத்தான். மருந்துச் சீட்டு மாதிரி வரிக்கு ஒரு அர்த்தம். கடைசியில் தவறாமல் ஒரு முத்திரை: இதெல்லாம் ஐயாயிரம் வருஷத்துப் பேகன் ரகசியம். (மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இல்லை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளுக்கும், அவற்றின் பேரில் இன்று நடப்பவற்றுக்கும் வழங்கும் பெயர்.)

நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். வடிவம் பழசுதான், சந்தேகமில்லை. பித்தாகரஸின் சீடர்களுக்கு அது ஆரோக்கியத்தின் குறி. ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளவும் உதவியது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ‘சர் கவேயினும் பச்சை வீரனும்’ காவியத்தில் நாயகனின் கேடயத்தில் அதே நட்சத்திரம் வருகிறது. அங்கே அது கிறிஸ்துவின் ஐந்து காயங்கள், மரியாளின் ஐந்து மகிழ்ச்சிகள். கேடயத்தின் உட்புறத்தில் மரியாளின் உருவம் வேறு. இதைவிடக் கிறிஸ்தவமான நட்சத்திரம் எங்கே கிடைக்கும்?

முனை மேலே இருந்தால் நல்லது, கீழே இருந்தால் தீயது என்று இன்று எல்லோரும் ஒப்பிக்கிறார்களே, அதைப் பரப்பியவர் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர். 1850களில் எழுதியது. பேய்ப்படக்காரர்களுக்கு அதுவே வேதவாக்காகிவிட்டது. ஆனால் கார்ட்னர் வழி விக்காவில் அதே தலைகீழ் நட்சத்திரம் இரண்டாம் நிலைத் தீட்சையின் குறி, அவ்வளவுதான். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரை உற்றுப் பாருங்கள். அதுவும் ஒற்றை முனை கீழே தொங்கும் நட்சத்திரமே. அதைக் கழுத்தில் அணிந்தவர்களுக்கு யாரும் பேயோட்டக் கிளம்பவில்லையே!

இப்போது அடுத்த தரப்பு, “நாங்கள் ஆதிகாலத்தவர்கள்” என்கிற தரப்பு. விக்காவை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர் 1900ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஆங்கிலேயர். நம் ஜனங்கள் கொழுந்து பறித்த அதே மலைநாடு. கொழும்பில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு மலாயாவில் சுங்க இலாகா உத்தியோகம். 1936ல் கிரிஸ் கத்திகளைப் பற்றி ஒரு புத்தகம். ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர், 1951ல் பிரிட்டனின் சூனியச் சட்டம் ரத்தான பிறகு, 1954ல் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’யை வெளியிட்டார். மூன்று நிலைத் தீட்சை, சடங்குக் கருவிகளை வேலைக் கருவிகள் என்று அழைப்பது, “அவ்வாறே ஆகுக” என்று முடிப்பது எல்லாமே ஃப்ரீமேசன் வீட்டுச் சாமான்கள். கன்னி, தாய், கிழவி என்ற மூன்று நிலாத் தேவிக்கு இன்றைய உருவம் தந்தது, 1948ல் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிய ‘தி ஒயிட் காடஸ்’. சூனியக்காரிகள் எனப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய சமயத்தின் அடியார்கள் என்று 1921ல் மார்கரெட் மர்ரி எழுதியதை வரலாற்றாசிரியர்கள் எப்போதோ கைவிட்டாயிற்று. 90 லட்சம் பேர் எரிக்கப்பட்டார்கள் என்ற கணக்கும் அப்படித்தான். இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது 40,000 முதல் 60,000 வரை. அந்த எண்ணிக்கை போதாதா? அதையும் ஊதிப் பெருக்கினால்தான் செத்தவர்களுக்கு மரியாதையா?

“அப்போ எல்லாம் போலிதானே!” என்று ஒரு கூட்டம் கைதட்டத் தயாராக இருக்கும். என் பெரிய சண்டை அவர்களோடுதான்.

1999ல் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் விக்கா வீரர்கள் சடங்கு செய்கிறார்கள் என்ற பிரச்சினை வெடித்தபோது, சூனியம் ஒரு மதமென்று தான் நினைக்கவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னவர் அன்றைய டெக்ஸாஸ் ஆளுநர் ஜார்ஜ் புஷ். 2005 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் வீழ்த்தப்பட்டு இறந்தவர்களில் ஒருவர் சார்ஜென்ட் பாட்ரிக் ஸ்டூவர்ட். விக்காக்காரர். அந்த நேரம் புஷ் ஜனாதிபதி. இறந்த வீரர்களின் நினைவுக்கல்லில் பொறிக்க, முன்னாள் படைவீரர் துறை அனுமதித்த சின்னங்கள் முப்பதுக்கும் மேல் இருந்தன. கடவுள் இல்லை என்பவர்களுக்குக்கூட ஓர் அணு வடிவம் உண்டு. வட்டத்துக்குள் நட்சத்திரம் மட்டும் கிடையாது. விக்காக்காரர்கள் ஏறத்தாழ பத்து வருஷமாக மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். நெவாடாவின் ஃபெர்ன்லி நினைவுச்சுவரில் ஸ்டூவர்ட்டுக்கான இடம் ஒரு வருஷத்துக்கும் மேல் வெறுமையாகக் கிடந்தது. சின்னம் இல்லாமல் பலகை வைக்க அவர் மனைவி ராபர்ட்டா சம்மதிக்கவில்லை. 2006 டிசம்பரில் நெவாடா மாநிலம் தன் பொறுப்பில் பலகையை வைத்தது. மத்திய அரசு இறங்கிவந்தது 2007 ஏப்ரலில், அதுவும் வழக்குக்குப் பிறகு, சமரசமாக.

அந்தப் பெண் ஐயாயிரம் வருஷக் கதையை நம்பி வாதாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரொனால்டு ஹட்டன் 1999ல் எழுதிய விக்கா வரலாற்றை யாராவது மேசையில் வைத்திருந்தால், அரை மணி நேரத்தில் கதை முடிந்திருக்கும். பழசாக இருந்தால்தான் மதம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், புதுசு என்பதால் அது மதமில்லை என்று சொல்கிறவர்களுக்குத் தாங்களே கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறார்கள். கிறிஸ்தவமும் ஒருகாலத்தில் இருபது வயசுச் சமயமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அதை நம்பிச் செத்தவர்களிடம் போய், “ஆயிரம் வருஷம் ஆகட்டும், பிறகு வாங்க” என்று சொல்வீர்களா?

பட்டியல் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சின்னத்துக்குப் பக்கத்தில் ‘அர்த்தம்’ என்று ஒரு கட்டம் போடுகிறீர்களே, அதில் யாருக்கு, எந்த ஊரில், எந்த வருஷம் என்றும் எழுதுங்கள். கவேயினின் கேடயத்துக்கு ஒரு வரி, லெவிக்கு ஒரு வரி, ஃபெர்ன்லி சுவருக்கு ஒரு வரி. கட்டத்தில் இடம் போதாதென்றால் கட்டத்தைப் பெரிசாக்குங்கள்.