பால்குடி மறக்கடித்தல்

பால்குடியை 'மறக்கடிப்பது' என்பது நம் வழக்கு. மறக்கவேண்டியது குழந்தை, நாள் குறிப்பவர்கள் நாம்.

2009-இல், தனியார் கல்லூரி ஆசிரியையான எனக்கு மகப்பேறு விடுப்பு 12 வாரங்களில் முடிந்தது. புட்டியில் மாவுப்பாலை நீட்டும்போதெல்லாம் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'பட்டினி கிடந்தால் தானே குடிக்கும்' என்றார்கள். அம்மா அதற்கு இணங்கவில்லை. நான் பிழிந்து வைத்துச் சென்ற பாலைப் பாலாடையில் சிறுகச் சிறுகப் புகட்டினாள். ஆறு மாதம் நிறைந்தபின் கஞ்சியும் மசித்த சோறும் சேர, பகல்பால் மெல்லக் குறைந்தது. இரவுப்பால் இரண்டு வயதுவரை நீடித்தது.

பிடிவாதம் எங்களுடையது, அவளுடையதன்று என்பதே என் கருத்து. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் விடுப்பை 26 வாரங்களாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியுமிடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டுமென்றது. எங்கள் கல்லூரியில் அந்த அறை இன்னும் திறக்கப்படவில்லை. குழந்தைகளைத்தான் மறக்கச் சொல்கிறோம்.