1.5 லட்சத்துக்கு பழைய ஜீப்பா? அது விலை இல்லைங்க, அட்வான்ஸ்!

நெற்குப்பையில ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. பின்பக்கக் கொட்டகையில 80-களின் மஹிந்திரா எம்எம் 540 ஜீப். டயர் மண்ணோட மண்ணா கிடக்கு, தரைத்தகடு துருப்பிடிச்சு ஓட்டை. "ரெஸ்டோர் பண்ண ஏத்த வண்டி, 1.5 லட்சம்"னு விளம்பரம் வருதுன்னு வெச்சுக்குங்க. போட்டோவைப் பார்த்ததுமே புது பெயின்ட் அடிச்சு கொல்லிமலை ஏறுற மாதிரி கனவு வந்துடும்.

மாசம் 40,000 சம்பளம் வாங்குறவங்களுக்கு என் கருத்து இதுதான்: ஆசைன்னு சொல்லி வாங்குங்க, தப்பில்லை. முதலீடுன்னு சொல்லி வாங்காதீங்க.

பழசுன்னா விலை ஏறுமே?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீட்டுத் தூண், கதவு, பீங்கான் எல்லாம் தனித்தனியா விக்குது. தூண் சும்மா நின்னாலே போதும். ஜீப் ஓடணும். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், வயரிங், டிங்கரிங்னு பிரிச்சுப் போட்டுட்டு பாதியில காசு தீர்ந்தா, அடுத்து வர்றவர் அதை இரும்புக் கணக்குலதான் கேட்பார். வாங்குற நாளை விட, பாதி வேலையில நிக்கிற நாள்தான் ஆபத்து.

முதல்ல பேப்பர், அப்புறம் இரும்பு

இந்தப் பக்கத்து வீடுகள் மாதிரியே வண்டியும் பல பங்காளிகளுக்குப் பொதுவா இருக்கலாம். ஆர்சி இறந்துபோன தாத்தா பேர்ல இருந்தா, வாரிசு முதல்ல படிவம் 31 கொடுத்து தன் பேருக்கு மாத்தணும். அதுக்கப்புறம்தான் 29, 30 போட்டு உங்க பேருக்கு வரும். இது முடியாம முழுப் பணமும் கொடுக்காதீங்க.

சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் ஆர்சியோட ஒத்துப்போகணும். வேற இன்ஜின் மாத்தியிருந்தா அது ஆர்சியில ஏறியிருக்கணும். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் இருக்கு.

15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டிய காருக்கான கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயா உயர்த்திட்டாங்க. பசுமை வரி, இன்ஷூரன்ஸ் தனி.

"வின்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2021 விதிப்படி அதுக்கு 50 வயசு ஆகியிருக்கணும், வண்டி பெரிய மாற்றம் இல்லாம இருக்கணும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டவும் முடியாது.

கடன் வாங்கி செய்யலாமா?

வேண்டாம். வண்டிக்கும் வேலைக்கும் சேர்த்து 3 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம்னு எடுத்தா மாசம் சுமார் 10,250 ரூபாய் இஎம்ஐ. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 69,000. சம்பளத்துல கால்வாசி போகும், ஜீப் ஒர்க்‌ஷாப்லயே நிக்கும். மெக்கானிக் வேலை தள்ளிப்போகலாம், இஎம்ஐ தேதி தள்ளிப்போகாது.

வாங்கியே ஆகணும்னா

1. 6 மாசச் செலவுக்கான அவசர நிதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி மூணும் ஓடிட்டிருக்கணும். அதுக்கு மேல மிஞ்சுற பணம்தான் ஜீப்புக்கு.
2. பழைய ஜீப் தெரிஞ்ச மெக்கானிக்கை நேர்ல கூட்டிட்டுப் போங்க. அவர் சொல்ற எஸ்டிமேட்டோட இன்னொரு பாதியைச் சேர்த்துக்குங்க. அந்தத் தொகை கையில இல்லைன்னா, வண்டியும் வேண்டாம்.
3. இன்ஜின், பிரேக் முதல்ல, பெயின்ட் கடைசியில. பெயின்ட் இல்லாம ஓடுற ஜீப்பை விக்கலாம். பளபளன்னு ஓடாம நிக்கிற ஜீப்பை விக்கிறது கஷ்டம்.

இந்த மூணும் இருந்தா தைரியமா நெற்குப்பைக்கு பஸ் ஏறுங்க. திரும்பி வர விலை வேண்டாம், உங்க ஞாயிற்றுக்கிழமைகள் சந்தோஷமா போனா அதுவே லாபம். இல்லைன்னா ஒரு வருஷம் பணம் சேருங்க. இத்தனை வருஷம் கொட்டகையில நின்ன ஜீப், இன்னொரு வருஷம் நிக்காதா என்ன?